எண்பதைத் தொட்டால் ஆடும் ஹேண்டில்

சேறெல்லாம் போய், தண்ணீர் தெளிவாக ஓடத் தொடங்கி ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. மாயாபந்தரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், கிணற்றடியில், பிரஷர் வாஷரின் துப்பாக்கியை பைக்கின் ஹேண்டிலுக்குக் கீழே பிடித்திருந்தேன். அப்போதுதான் பார்த்தேன். ஹேண்டிலையும் முன்சக்கரத்தையும் சேர்த்துத் தாங்குகிற குழாயை வண்டியின் கழுத்து என்போம். அந்தக் கழுத்தின் அடியிலிருந்து மட்டும் தண்ணீர் பழுப்பாகச் சொட்டியது. விசையை விட்டேன். பீய்ச்சல் நின்றது, சொட்டுவது நிற்கவில்லை. விரலில் ஏந்தித் தேய்த்துப் பார்த்தேன். சேறு இல்லை, துரு.

துரு உள்ளேயிருந்து வருகிறது என்றால் தண்ணீர் உள்ளே போயிருக்க வேண்டும். தண்ணீர் தானாக அங்கே ஏறிப் போகாது, யாராவது அனுப்பியிருக்க வேண்டும். துப்பாக்கி என் கையில்தான் இருந்தது.

ஒரு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த பதில் அந்த ஒரு சொட்டில் இருந்தது. ஆனால் அதற்கு முன் நான் எங்கெல்லாம் தேடினேன் என்பதைச் சொல்லாவிட்டால் நான் ஏதோ பெரிய புத்திசாலி போலத் தெரியும். அதனால் முதலிலிருந்தே வருகிறேன்.

என்னுடையது நூற்றைம்பது சிசி வண்டி. சென்னையில் படித்தபோது கல்லூரி சீனியர் ஒருத்தியிடம் வாங்கிக் கப்பலில் ஏற்றி இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தேன். இப்போது ஓர் அலுவலகத்தில் ஒப்பந்த வேலை, நாள் முழுக்கக் கணினி முன்னால். ஐந்து மணிக்கு மேல் யாராவது என்னை உட்காரச் சொன்னால் எரிச்சல் வரும். வண்டி இல்லாமல் இருந்திருந்தால் நான் அந்த நாற்காலியையே கழற்றி மாட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

அக்கா என்னைவிட மூன்று வயது பெரியவள், இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன வருஷம் கல்யாணம் ஆனது. அவள் வீட்டுக்காரர் தெலுங்குக்காரர், பவர் ஹவுஸில் ஆபரேட்டர். எங்களுக்குத் தெலுங்கு வராது, அவருக்குத் தமிழ் பாதிதான் வரும், மீதியை இந்தி பார்த்துக்கொள்ளும். அதனால் எனக்கு அவர் அத்தானும் இல்லை, மச்சானும் இல்லை, ஜீஜா. கல்யாணமாகி ஒரே மாதத்தில் அவரை ரங்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். எழுபது கிலோமீட்டர்தான். ஆனால் அவருக்கு ஷிஃப்ட், இவளுக்கும் ஷிஃப்ட், இரண்டும் ஒத்துப்போகவே போகாது. இதற்கு மேல் அக்காவுக்கு பஸ் ஆகாது. பஸ் ஸ்டாண்டில் டீசல் வாடை வந்தாலே முகம் வெளுத்துவிடும், கார் என்றாலும் அதே கதைதான். முகத்தில் காற்று அடித்தால் மட்டும் ஒன்றும் செய்யாது. எனவே பதினைந்து நாளைக்கு ஒருமுறை அவளை ரங்கத்தில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு, மறுநாள் திரும்பக் கூட்டிவருவது என் பொறுப்பு. ஆஸ்பத்திரியில் என்னை 'கொரியர்' என்பார்கள்.

பழைய ரோட்டில் ஐம்பதுக்கு மேல் போனால் பல் கொட்டிவிடும். அதனால் வண்டிக்கு என்ன வியாதி இருந்தாலும் வெளியே தெரிய வாய்ப்பில்லை. புது ரோடு போட்டார்கள். ரங்கத்துக்கு இருபது கிலோமீட்டர் இந்தப் பக்கம், கடலை ஒட்டி, கையால் இழுத்த கோடு மாதிரி ஒரு நேர்ச்சாலை கிடைத்தது. அன்றைக்கு ரங்கத்திலிருந்து காலையில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். அக்காவுக்குப் பத்து மணி டூட்டி. நான் முறுக்கினேன். எழுபத்தைந்து, எழுபத்தெட்டு, எண்பது.

முதலில் உள்ளங்கையில் ஒரு கூச்சம். அடுத்த நொடி, யாரோ எதிரே நின்று ஹேண்டிலை இரு பக்கமும் பிடித்து உலுக்குவது போல ஆடியது. செய்யக்கூடாததைச் செய்தேன், இறுக்கிப் பிடித்தேன். இறுக்க இறுக்க ஆட்டம் கூடியது. பயத்தில் ஆக்சிலேட்டரை விட்டதுதான் எங்களைக் காப்பாற்றியது. அறுபதுக்கு இறங்கியதும் ஒன்றுமே நடக்காதது போல வண்டி அமைதியாகிவிட்டது.

ஓரமாக நிறுத்தினேன். அக்கா இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாள். திட்டவில்லை. மீதி ஐம்பது கிலோமீட்டரையும் நாற்பதில் ஓட்டச் சொன்னாள். டூட்டிக்கு ஒரு மணி நேரம் தாமதம். அதற்கு வார்டில் வாங்கிய பேச்சையெல்லாம் சாயங்காலம் வந்து என்னிடம் சேர்த்தாள். கடைசியில் சொன்னாள்:

"புருஷனைப் பார்க்கணும்னு ஆசை இருக்குடி. உயிரோட பார்க்கணும்னும் ஆசை இருக்கு. இதைச் சரி பண்ணிட்டுக் கூப்பிடு, அதுவரைக்கும் நான் ஏறமாட்டேன்."

ஜீஜாவிடம் சொல்லக்கூடாது என்பது இன்னொரு கட்டளை. தெரிந்தால் அவர் பயந்து வண்டியையே விற்கச் சொல்வார் என்று அவளுக்குப் பயம். போனில் அவரிடம் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். பக்கத்து அறையில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாளே வண்டியை பஜாருக்கு எடுத்துப் போனேன்.

பஜாரில் மெக்கானிக் கடை வைத்திருப்பவர் வங்காளி, எல்லாருக்கும் அவர் தாதா, அதாவது அண்ணன். எண்பதில் ஹேண்டில் ஆடுகிறது என்றேன். அவர் சிரித்துவிட்டு, "இஸ் டாப்பூ மே அஸ்ஸி கஹாங் ஹை?" என்று கேட்டார். இந்தத் தீவில் எண்பதுக்கு ஏது இடம் என்று அர்த்தம். டயரில் காற்றுக் குறைவு என்றார். காற்றை நிரப்பினார், சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, பாலன்ஸ் பண்ணிக் கொடுத்தார். சரியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டுமானால் நான் எண்பதில் போக வேண்டும். எண்பதில் போக நான் நம்புகிற ஒரே சாலை ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. போனேன். எழுபத்தெட்டில் வந்தது. திரும்பினேன். ஒரே ஒரு கேள்வி கேட்க நூறு கிலோமீட்டர்.

கடலுக்கடியில் கேபிள் வந்த பிறகு இங்கே நெட் பரவாயில்லை. உலகத்தில் யார் யாருக்கெல்லாம் ஹேண்டில் ஆடுகிறதோ அத்தனை பேருடைய வீடியோவையும் பார்த்தேன். பின்னால் பாரம் கூடினால் முன்சக்கரம் லேசாகி ஆடும் என்று ஒருவர் சொன்னார். பின்னால் மாட்டியிருந்த பெரிய பெட்டியைக் கழற்றினேன். அடுத்த ஞாயிறு மறுபடி நூறு கிலோமீட்டர். இந்தத் தடவை ஆட்டம் எண்பத்து நாலில்தான் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ஆறு கிலோமீட்டர் வேகம் முன்னேற்றம் என்று வீட்டுக்கு வந்து அறிவித்தேன்.

"செருப்பைக் கழட்டிட்டு எடை பார்த்தா நோயாளி மெலிஞ்சுட்டான்னு அர்த்தமா?" என்று கேட்டுவிட்டு அக்கா சோற்றைப் பிசைந்தாள்.

பிறகு தூண்டில் நரம்பை இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து நீளமாக இழுத்துக் கட்டி, இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்தேன். பின்சக்கரம் ஒரு மயிரிழை விலகியிருந்தது. திருத்தினேன். பலன் இல்லை. அப்புறம்தான் கழுத்துக்கு வந்தேன். ஹேண்டிலுக்கு மேலே இருக்கும் பெரிய நட்டை அரைச் சுற்று முறுக்கினேன். அந்த வாரம் எண்பத்தைந்தில் போனேன், ஆட்டமே இல்லை. ஹெல்மெட்டுக்குள்ளே சத்தம் போட்டுப் பாடிக்கொண்டு திரும்பினேன். திங்கட்கிழமை பஜாருக்குள் மெதுவாகப் போகும்போது பார்த்தால் வண்டி நேராகப் போக மறுத்தது. கயிற்றைக் கட்டி இழுக்கிற மாடு போல இடப்பக்கம் ஒரு முரண்டு, வலப்பக்கம் ஒரு முரண்டு. மீன்காரம்மாவின் கூடையில் உரசப் பார்த்தது. அந்த அம்மா வங்காளத்தில் சொன்னது எனக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்தது. நட்டைப் பழையபடி தளர்த்தினேன். ஆட்டம் திரும்ப வந்தது.

இப்போது யோசித்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது. வியாதி இருந்த இடத்தில் விரலை வைத்துவிட்டு, அங்கே இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை அக்கா காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்தாள். நீ மருந்துக்கு மேல் மருந்தாகக் கொடுக்கிறாயே தவிர நோயாளியை விசாரிக்கவே இல்லை என்றாள். எந்த வேகத்தில் வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, எப்போது நிற்கிறது என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் சுறுசுறுப்பாகப் பதில் சொன்னேன்.

"எப்போலேருந்து?"

"அன்னைக்கு வரும்போதுதான்."

"அன்னைக்குத் தெரிஞ்சுது. ஆரம்பிச்சது எப்போ?"

பழைய ரோட்டில் எண்பது போனதே கிடையாது, எப்படித் தெரியும்? சரி, இந்த ஒரு வருஷத்தில் வண்டிக்கு நீ புதிதாகச் செய்தது என்ன என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒன்றும் செய்யவில்லை, நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறேன், வாரம் இரண்டு தடவை கழுவுகிறேன் என்றேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

கழுவுவது எங்கள் ஊரில் சாதாரண விஷயம் இல்லை. உப்புக் காற்றில் கேட் கீல் துருப்பிடிக்கும், ஃபேன் துருப்பிடிக்கும், அலமாரிக்குள் இருக்கிற கத்தரிக்கோலும் துருப்பிடிக்கும். கடலோர ரோட்டில் போய்விட்டு வந்தால் நாம் தண்ணீர் குடிப்பதற்கு முன் வண்டிக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். ஒருவர் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவர் வண்டியைக் கழுவிக் கொடுப்பது ஒரு மரியாதை. ஜீஜா இதில் எல்லாரையும் தாண்டியவர். கல்யாணத்தின்போது எனக்கென்று போர்ட் பிளேயரிலிருந்து ஒரு பிரஷர் வாஷர் வாங்கிவந்து கொடுத்தார். வந்திருந்த பரிசுகளிலேயே எனக்குப் பிடித்தது அதுதான், அது அக்காவுக்கு வந்த பரிசே இல்லை என்றாலும். உப்பு எங்கே ஒளிந்திருக்கும்? சந்துகளில்தான். ஆகவே ஒரு வருஷமாக, வாரம் இரண்டு தடவை, அந்தக் கழுத்தின் சந்துக்குள் நேராகத் துப்பாக்கியை வைத்து அடித்திருக்கிறேன், அதுவும் அக்கறையாக.

மறுநாள் காலையில்தான் பழுப்புத் தண்ணீர் சொட்டியது.

அக்காவைக் கூப்பிட்டேன். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, அவளைப் பின்சீட்டின் கடைசியில் உட்காரச் சொன்னேன். அவள் எடைக்கு முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. ஹேண்டிலை ஒற்றை விரலால் மெல்லத் தள்ளினேன். இடது பக்கத்திலிருந்து வழுக்கிக்கொண்டு வந்து, நட்டநடுவில், ஒரு பள்ளத்தில் விழுந்தது போல நின்றது. இன்னொரு தடவை தள்ளினேன். அதே இடம். அக்கா இறங்கிவந்து தன் விரலால் தள்ளிப் பார்க்க, நான் பின்னால் உட்கார்ந்தேன்.

"கதவுத் தாழ்ப்பாள் விழுற மாதிரி இருக்கு" என்றாள்.

பிரித்தேன். கழுத்துக்குள் மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு இரும்பு வளையக் கிண்ணங்கள். அவற்றுக்குள் கிரீஸில் மிதக்கிற குண்டுகள். எல்லாம் சேர்ந்தது கோன்செட். இந்தக் குண்டுகள் உருள்வதால்தான் ஹேண்டில் திரும்புகிறது. நான் திறந்தபோது கிரீஸ் இல்லை, டீ வடிகட்டிய சக்கை போல ஏதோ இருந்தது. குண்டுகள் தரையில் சிதறி நான்கு திசைக்கும் ஓடின. ஒன்றை மூன்று நாள் கழித்து அக்கா தன் டூட்டி ஷூவுக்குள்ளிருந்து எடுத்தாள். கீழ்க் கிண்ணத்தைத் துடைத்துப் பார்த்தேன். குண்டுகள் உட்காரும் இடமெல்லாம் சின்னச் சின்னக் குழிகள், அம்மைத் தழும்பு போல. தண்ணீர் கிரீஸை வெளியே தள்ளியிருக்கிறது, துரு இரும்பைத் தின்றிருக்கிறது, அதில் இடைவெளி விழுந்திருக்கிறது. நான் நட்டை முறுக்கியபோது இடைவெளி போய், குண்டுகள் குழிகளில் சிக்கிக்கொண்டன. அதனால்தான் பஜாரில் அந்த முரண்டு. தளர்த்தினால் கழுத்து ஆடும், முறுக்கினால் சிக்கும். என் இரண்டு தோல்விகளும் ஒரே காரணத்துக்கு இரண்டு சாட்சிகள்.

புது கோன்செட் மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும். ஆர்டர் போட்டுவிட்டு, கப்பலா விமானமா என்று தெரியாமல் தினமும் தபாலாபீஸ் பக்கமாகவே வீட்டுக்கு நடந்துவந்தேன். வந்ததும், கிண்ணங்களை ஃப்ரீசரில் வைத்தேன். குளிரில் இரும்பு ஒரு துளி சுருங்கும், குழாய்க்குள் சுலபமாக இறங்கும் என்று படித்திருந்தேன். அக்கா சுர்மை என்கிற வஞ்சிர மீன் எடுக்கப் போனவள் அதைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் உறைமேல் தேதியும் நேரமும் எழுதி வைத்திருந்தாள்.

பழைய கீழ்க் கிண்ணம் மட்டும் என்னால் கழற்ற முடியாமல், வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றித் தாதாவிடம் எடுத்துப் போனேன். உளி கேட்டேன், அவர் கொடுக்காமல் தானே தட்டிக் கழற்றினார். குழிகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பானி" என்றார், தண்ணீர்தான் காரணம் என்று. யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். பாதி அக்கா, நர்ஸ், என்றேன். டாக்டராக இருந்திருந்தால் அவரும் தன்னைப் போல டயரைத்தான் பார்த்திருப்பார் என்று இந்தியில் சொல்லிவிட்டு, புதுக் கிண்ணத்தையும் அவரே இறக்கிக் கொடுத்தார். கிரீஸை மட்டும் நான் யாரையும் தொட விடவில்லை. மணிக்கட்டுவரை பூசிக்கொண்டு அப்பினேன். நட்டை, ஹேண்டில் தன் எடையிலேயே இரண்டு பக்கமும் சாய்கிற அளவுக்கு, ஆனால் முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் துளியும் ஆடாத அளவுக்கு முறுக்கினேன். அந்த ஓர் அளவுக்கு ஒரு மணி நேரம் ஆனது.

தனியாகப் போனேன். எண்பது, எண்பத்தைந்து, ஒரு சில நொடி தொண்ணூறு. உள்ளங்கையில் ரோட்டின் சொரசொரப்பு மட்டும்தான் வந்தது.

அக்கா உடனே நம்பவில்லை. என்னையும் ஏற்றிக்கொண்டு, பின்பெட்டியையும் மாட்டி, எப்போதும் போகிற பாரத்தோடு ஓட்டிக் காட்டு, அப்புறம் பேசலாம் என்றாள். சரி, பெட்டியில் ஏதாவது பாரம் போடு என்று சொல்லிவிட்டு நான் செயினுக்கு எண்ணெய் விட்டேன். நேற்று முன்தினம் காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம்.

நேர்ச்சாலை வந்தது. இடப்பக்கம் கடல், எதிரே யாரும் இல்லை. அக்காவின் கை என் தோளில் இருந்தது. அறுபதைத் தாண்டியதும் அவள் விரல்கள் தட்டத் தொடங்கின, நாடி எண்ணுகிற தாளத்தில். எழுபது, எழுபத்தைந்து. எழுபத்தெட்டு. எண்பது. விரல்கள் தட்டுவது நின்றது. எண்பத்தைந்தில் அப்படியே வைத்துக்கொண்டேன், சாலை முடியும்வரை. வண்டி ஒரு தடவைகூடத் தலையை அசைக்கவில்லை. பிறகு மெதுவாக்கி, திருப்புவதற்காக ஓரம் கட்டினேன்.

"ஏன் நிறுத்துற?"

"டெஸ்ட் முடிஞ்சுது. திரும்பணும்ல."

"இருபது கிலோமீட்டர்தான் இருக்கு. நேரா போ. மூணு நாள் லீவு போட்டிருக்கேன்."

பெட்டியில் இருந்த பாரம் அவளுடைய துணிமணி, ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய், எனக்கும் ஒரு மாற்று உடை. என்னையும் கோன்செட்டையும் அவள் முந்தைய நாளே நம்பியிருக்கிறாள், சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த இருபது கிலோமீட்டரும் அறுபதிலேயே ஓட்டினேன். அவசரம் எதுவும் இருக்கவில்லை.

குவார்ட்டர்ஸ் வாசலில் ஜீஜா பல் தேய்த்துக்கொண்டிருந்தார். ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருக்கிறார். அக்காவைப் பார்த்ததும் பிரஷை வாயிலிருந்து எடுக்க மறந்து நின்றார். பேச வராது அவருக்கு, சந்தோஷம் வந்தால் கை வேலை தேடும். அக்கா உள்ளே போய்ப் பாத்திரங்களின் நிலைமையைப் பார்த்துச் சத்தம் போட ஆரம்பித்தாள். நானும் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

டம்ளரோடு ஓடினேன். என்னுடையதைப் போலவே ஒரு பிரஷர் வாஷர், அவர் கையில் துப்பாக்கி. முன்சக்கரத்தை முடித்துவிட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தார்.

"ராஸ்தே மே பூரா நமக்" என்றார், வழியெல்லாம் உப்பு என்று எனக்கு ஆறுதல் சொல்வது போல.

"ஜீஜா, கழுத்துல அடிக்காதீங்க."

விசையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அப்போது மறைக்க வழியில்லாமல் போயிற்று. ஆட்டம், பொய் சொன்ன லீவு, நூறு நூறு கிலோமீட்டர், பழுப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் தமிழிலும் இந்தியிலும் மாறி மாறிச் சொன்னேன். பரிசு கொடுத்தவரிடம் அந்தப் பரிசுதான் காரணம் என்று சொல்வது சங்கடம்தான். துப்பாக்கி நல்லது, அதைப் பிடித்த கைதான் தப்பு என்று முடித்தேன். வண்டியை விற்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் பக்கத்தில் நின்ற தன் ஸ்கூட்டரைப் பார்த்தார். ஏழு வருஷ ஸ்கூட்டர், ஷோரூமில் நிற்பது போல மின்னியது. தினமும் கழுவுகிறார்.

ஸ்டாண்டில் நிறுத்தி, பின்னால் நான் உட்கார்ந்தேன். அவர் குனிந்து ஒற்றை விரலால் ஹேண்டிலைத் தள்ளினார். நடுவில் விழுந்து நின்றது. இன்னொரு தடவை தள்ளினார். மூன்றாவது தடவை சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அக்கா வாசலுக்கு வந்து, இரண்டு பேரும் என்ன செய்கிறோம் என்று பார்த்துவிட்டு, "ஆறு மாசமா வளைவுல ஹேண்டில் இடிக்குது, வயசாயிடுச்சுன்னு சொல்லிட்டிருந்தீங்களே, ஸ்கூட்டருக்கா உங்களுக்கா?" என்று கேட்டாள்.

ஸ்கூட்டரை நான் இதுவரை திறந்ததே இல்லை. முன்பக்க பாடியை முழுக்கக் கழற்றினால்தான் கழுத்து தெரியும் என்கிறார்கள். அதன் கோன்செட் ரங்கத்திலேயே கிடைக்கிறதா என்று ஜீஜா நேற்று இரண்டு கடையில் விசாரித்தார். ஒருவர் இருக்கிறது என்கிறார், எந்த மாடலுக்கு என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார். அக்காவுக்கு இன்று ஒரு நாள்தான் லீவு மிச்சம். மத்தியானம் ஜீஜா டூட்டிக்குப் போவதற்குள் திறந்து, அளவெடுத்து, மூடிவிட வேண்டும். ஃப்ரீசரில் இடம் பண்ணியாகிவிட்டது. குண்டுகள் ஓடாமல் இருக்க, தரையில் விரிக்க ஒரு பழைய போர்வை வேண்டும். அக்கா தேடிக்கொண்டிருக்கிறாள்.